நாட்மச் டேக்குகளை செட் போலக் காட்டும் ராப்பர்: கோளாறுகள், அறிகுறி வாரியாக

கிருஷ்ணகிரிப் பக்கம் மே மாதம் பெங்களூரா மாங்காய் இறங்க ஆரம்பித்தால் மாங்கூழ் ஆலைகளின் இன்பாக்ஸும் சேர்ந்தே நிரம்பும். வெளிநாட்டில் வாங்குபவர், கப்பல் கம்பெனி, பிரிக்ஸ் (சர்க்கரை) அளவு அனுப்பும் லேப், லாரி ஏஜென்ட் எல்லாரும் ஒரே முகவரிக்குத்தான் எழுதுவார்கள். அப்படி ஒரு ஆலையின் மெயில் முழுவதையும் நாட்மச் என்ற மெயில் தேடும் ப்ரோகிராமில் ஏற்றி, கொள்முதல், கன்டெய்னர், பாக்கி என்று டேக் போட்டுப் பிரிக்கும் பைதான் ப்ரோகிராம் ஒன்றை நானும் எங்கள் ஆபீஸ் தம்பி ஒருவனும் பார்த்துக்கொள்கிறோம். அந்த வேலையில் கை பழகிய கோளாறுகளைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். உங்கள் திரையில் எது தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். முதல் தலைப்பை மட்டும் எல்லாரும் படித்துவிடுவது நல்லது.

நாட்மச் உள்ளுக்குள் சி மொழியில் எழுதிய ஒரு லைப்ரரி. மெயில் ஃபைல்கள் மெயில்டிர் (மெயிலுக்கு ஒரு ஃபைல் வைக்கும் முறை) ஃபோல்டரில் அப்படியே கிடக்கும், டேக்குகள் மட்டும் ஜேபியன் டேட்டாபேஸுக்குள் போகும். ஒரு மெயிலின் டேக்குகளைக் கேட்டால் லைப்ரரி ஒரு இட்டரேட்டரைத் தரும். அதை வைத்துக்கொண்டு மூன்று கேள்விதான் கேட்கலாம்: இன்னும் டேக் இருக்கிறதா, இப்போதைய டேக் என்ன, அடுத்ததற்குப் போ. டேக் சேர்க்கவும் நீக்கவும் மெயில் ஆப்ஜெக்டிடம் தனி ஃபங்ஷன்கள் உண்டு. இந்தக் கொஞ்சத்தை வைத்துக்கொண்டு பைதானின் செட் போல நடக்கும் ஒரு ஆப்ஜெக்ட் செய்வதுதான் ராப்பரின் வேலை. பைதானின் கலெக்‌ஷன்ஸ் ஏபிசி மாட்யூலில் உள்ள செட், மியூட்டபிள் செட் என்ற இரண்டு அடிப்படை கிளாஸ்களிலிருந்து பிறப்பித்து நாலைந்து மெத்தட் எழுதினால், மற்ற எல்லா ஆபரேட்டரும் தானாகக் கிடைக்கும். கேட்க சுலபமாக இருக்கும். தானாகக் கிடைத்ததில்தான் பாதி வம்பு.

நாட்மச்சுடன் வரும் நாட்மச்2 என்ற பைதான் பைண்டிங் (சி லைப்ரரியைப் பைதானோடு இணைக்கும் மாட்யூல்) இதை ஏற்கெனவே நன்றாகச் செய்திருக்கிறது. முடிந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். பைதானிலிருந்து சி ஃபங்ஷன்களைக் கூப்பிட உதவும் சிஎஃப்எஃப்ஐ வழியாகச் சொந்தமாக எழுதியவர்களுக்கும், வேறு மொழிக்கு இதே மாதிரி எழுதுகிறவர்களுக்கும், நாட்மச்2 ஏன் சில இடங்களில் விசித்திரமாக நடக்கிறது என்று தலையைச் சொறிகிறவர்களுக்கும்தான் இது.

அறிகுறி: செக்மென்டேஷன் ஃபால்ட் என்று ஒரே வரி, ட்ரேஸ்பேக் இல்லை. சின்ன இன்பாக்ஸில் ஓடுகிறது, பெரியதில் சாகிறது

முதலில் பைதானுடனேயே வரும் ஃபால்ட்ஹேண்ட்லரை ஆன் செய்து ஓட்டுங்கள். சாகும் தருணத்தில் எந்தப் பைதான் வரியில் இருந்தது என்று அது சொல்லிவிடும். அந்த வரி டேக் லூப்பிலோ டேக் கேட்கும் இடத்திலோ இருந்தால், பத்தில் ஒன்பது தடவை காரணம் ஒன்றுதான்: டேக்குகளுக்குச் சொந்தக்காரர் ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டார்.

நாட்மச் உள்ளே டாலாக் என்ற மெமரி முறையில் நடக்கிறது. ஒவ்வொரு துண்டு மெமரிக்கும் ஒரு பெற்றோர் உண்டு, பெற்றோரை விடுவித்தால் பிள்ளைகளும் சேர்ந்தே போவார்கள். டேக் பட்டியல் மெயிலின் பிள்ளை. தேடலில் கிடைத்த மெயில் குவெரியின், அதாவது அந்தத் தேடலின், பிள்ளை. குவெரி டேட்டாபேஸின் பிள்ளை. நம் ஊரில் மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுப்பது போலத்தான் இது: காய் பறிக்கலாம், விற்கலாம், ஆனால் குத்தகை முடிந்த மறுநாள் தோப்புக்குள் கால் வைக்கக்கூடாது. பைதானுக்கு இந்தக் குத்தகைக் கணக்கு எதுவும் தெரியாது.

வழக்கமாக மாட்டும் கோட் இப்படி இருக்கும். ஒரு ஃபங்ஷன் குவெரி ஒன்றைத் திறந்து, கிடைத்த மெயில்களை லிஸ்டில் போட்டு, லிஸ்டைத் திருப்பித் தருகிறது. ஃபங்ஷன் முடிந்ததும் குவெரி வேரியபிளுக்கு ரெஃபரன்ஸ் இல்லை. பைதான் அதை உடனே கூட்டித் தள்ளுகிறது, சி பக்கம் குவெரி அழிகிறது, கூடவே லிஸ்டில் உள்ள அத்தனை மெயிலும் அழிகின்றன. லிஸ்டில் மிஞ்சியிருப்பது வெறும் பழைய மெமரி முகவரிகள். சின்ன இன்பாக்ஸில் அது ஓடுவதற்குக் காரணம், விடுவித்த மெமரியில் பழைய பைட்டுகளை யாரும் இன்னும் மேலெழுதவில்லை என்பதுதான். அதை நம்பி ஆலைக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

சந்தேகம் சரிதானா என்று பார்க்க ஒரு சோதனை: எல்லாக் குவெரி ஆப்ஜெக்டையும் ஒரு குளோபல் லிஸ்டில் போட்டு வைத்து மறுபடி ஓட்டுங்கள். கிராஷ் நின்றுவிட்டால் நோய் உறுதி. குளோபல் லிஸ்ட் மருந்தில்லை, சோதனை முடிந்ததும் எடுத்துவிடுங்கள்.

மருந்து இரண்டு பாகம். ஒன்று, ஒவ்வொரு பிள்ளை ஆப்ஜெக்டும் தன் பெற்றோருக்கு ஒரு உறுதியான ரெஃபரன்ஸ் வைத்திருக்க வேண்டும். டேக் செட் மெயிலைப் பிடித்திருக்கும், மெயில் குவெரியைப் பிடித்திருக்கும், குவெரி டேட்டாபேஸை. அப்போது ஒரு டேக் செட் கையில் இருக்கும் வரை மேலே உள்ள எதுவும் சாகாது. இரண்டு, யாராவது டேட்டாபேஸை வேண்டுமென்றே விடுவித்தால் என்ன ஆகும் என்பதற்கும் வழி வேண்டும். ஒவ்வொரு ஆப்ஜெக்டிலும் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் ஒரு ப்ராபர்ட்டி வையுங்கள். அது தன்னை மட்டும் பார்க்காமல் பெற்றோரையும் கேட்க வேண்டும். சி ஃபங்ஷன் எதையும் கூப்பிடும் முன் இதைப் பார்த்து, இல்லையென்றால் பைதான் எக்ஸப்ஷன் எறியுங்கள். நாட்மச்2 இப்படித்தான் செய்கிறது.

ப்ரோகிராம் வேலையை எல்லாம் ஒழுங்காக முடித்துவிட்டு, வெளியேறும்போது மட்டும் சாகிறதா? அது பெரும்பாலும் ஒரே மெமரியை இரண்டு தடவை விடுவித்த கேஸ். பைதான் மூடும்போது ஆப்ஜெக்டுகளை நீங்கள் நினைக்கும் வரிசையில் அழிக்காது. குவெரி முதலில் அழிந்தால் மெயிலும் சி பக்கம் அழிந்திருக்கும். பிறகு மெயிலின் டெஸ்ட்ரக்டர் வந்து அதே முகவரியை மறுபடி விடுவிக்கும். டெஸ்ட்ரக்டரும் முதலில் அந்த உயிர்ப் பரிசோதனையைச் செய்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

அப்புறம், டேட்டாபேஸை மூடுவதும் அழிப்பதும் நாட்மச்சில் இரண்டு வேறு காரியம். மூடிய பிறகும் டேக்குகள் சில நேரம் வரும், சில நேரம் ஜேபியன் எக்ஸப்ஷன் என்று வரும். ஏற்கெனவே படித்து கேஷில் வைத்திருந்தால் கிடைக்கும், இல்லையென்றால் கிடைக்காது. ஒரே கோட் ஒரு மெயிலுக்கு வேலை செய்து அடுத்த மெயிலுக்கு மறுத்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். டேக் கேட்கும் ஃபங்ஷன் அப்போது நல் (NULL, காலி) பாயிண்டரைத் திருப்பும். அதைச் சோதிக்காமல் அடுத்த ஃபங்ஷனுக்குக் கொடுத்தால் மறுபடி இந்தத் தலைப்பின் முதல் வரிக்கே வந்துவிடுவீர்கள்.

அறிகுறி: டேக் பெயர் குப்பை எழுத்தாக வருகிறது, அல்லது எல்லா டேக்கும் ஒரே பெயராகத் தெரிகிறது

சி கொடுக்கும் டேக் பெயரை உடனே நகலெடுக்காமல் பாயிண்டராகவே சேமித்திருக்கிறீர்கள். அந்த எழுத்துகள் இட்டரேட்டருக்குச் சொந்தம். சிஎஃப்எஃப்ஐ-யின் ஸ்ட்ரிங் ஃபங்ஷன் பைட்டுகளை நகலெடுத்துத் தரும். லூப்புக்குள்ளேயே, அடுத்த டேக்குக்கு நகரும் முன், அதைக் கூப்பிட்டுவிடுங்கள்.

அறிகுறி: முதல் லூப்பில் டேக்குகள் வருகின்றன, இரண்டாவதில் காலி

ராப்பர் ஆப்ஜெக்ட் பிறக்கும்போதே சி இட்டரேட்டரை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டிருக்கிறது. அந்த இட்டரேட்டர் ஒருவழிப் பாதை, திரும்பி முதலுக்கு வர வழியே இல்லை. நீளம் கேட்டாலே அது முடிந்துபோகும்.

காலியாக வருவது கண்ணுக்குத் தெரியும், பரவாயில்லை. இதே தவறு தரும் இன்னொரு விளைவு ஆபத்தானது: வெவ்வேறு டேக் உள்ள இரண்டு மெயில்களை ஒப்பிட்டால் இரண்டும் சமம் என்று பதில் வரும். ஏபிசி செட் கிளாஸ் சமமா என்று பார்க்கும் விதத்தைப் பாருங்கள். முதலில் இரண்டின் நீளமும் ஒன்றா என்று கேட்கும். அடுத்து, முதலாவது இரண்டாவதன் உட்கணமா என்று கேட்கும். உட்கணச் சோதனை முதலாவதில் உள்ள ஒவ்வொன்றையும் எடுத்து இரண்டாவதில் தேடும். ஆனால் நீளம் கேட்டபோதே முதலாவது தீர்ந்துவிட்டது. தேட ஒன்றும் இல்லை, எனவே ஒன்றும் இல்லாமல் போகவில்லை, எனவே சமம். பாக்கி, கன்டெய்னர் என்று இரண்டு டேக் உள்ள மெயிலும், லேப், லாரி என்று இரண்டு டேக் உள்ள மெயிலும் ராப்பர் கண்ணில் ஒன்றாகிவிடும். இதை வைத்து ஏதாவது மெயிலை அழிக்கும் கோட் இருந்தால் நினைத்துப் பாருங்கள்.

தீர்வு எளிது. ராப்பர் மெயிலை மட்டும் பிடித்துக்கொள்ளட்டும். இட்டரேட் செய்யும் மெத்தட் ஒவ்வொரு முறையும் மெயிலிடம் புதிதாக டேக் பட்டியல் கேட்கட்டும். டேக் பட்டியலை மெயில் ஆப்ஜெக்டே கேஷில் வைத்திருப்பதால் இது பெரிய செலவில்லை.

இதோடு வரும் ஒரு சந்தேகம்: லூப் ஓடும்போதே டேக்கை நீக்கலாமா? சாதாரணப் பைதான் செட்டில் நீக்கினால் அளவு மாறிவிட்டது என்று சண்டைக்கு வரும். நாட்மச்சில் வராது, கிராஷும் ஆகாது. ஓடிக்கொண்டிருக்கும் இட்டரேட்டர் பழைய பட்டியலுக்கு ஒரு கூடுதல் ரெஃபரன்ஸ் வைத்திருக்கும்படி லைப்ரரியிலேயே எழுதியிருக்கிறார்கள். லூப் பழைய பட்டியலை ஓட்டி முடிக்கும், நீங்கள் செய்த மாற்றம் அடுத்த லூப்பில்தான் தெரியும். நடுவில் சேர்த்த டேக் இந்த லூப்பிலேயே வரும் என்று எதிர்பார்த்து கோட் எழுதாதீர்கள்.

அறிகுறி: இரண்டு டேக் செட்டைச் சேர்த்தாலோ வெட்டினாலோ டைப் எரர்

தானாகக் கிடைத்த ஆபரேட்டர்கள் விடையை வைக்க ஒரு புது ஆப்ஜெக்ட் கேட்கும். ஏபிசி கிளாஸ் தன் இஷ்டத்துக்கு உங்கள் கிளாஸையே கூப்பிட்டு, கன்ஸ்ட்ரக்டருக்குள் ஒரு டேக் வரிசையைத் திணிக்கும். உங்கள் கன்ஸ்ட்ரக்டர் எதிர்பார்ப்பதோ ஒரு மெயில். ஃபிரம் இட்டரபிள் என்ற அடிக்கோட்டுப் பெயர் கொண்ட கிளாஸ் மெத்தடை நீங்களே எழுதி, சாதாரணப் பைதான் செட்டைத் திருப்பச் சொல்லுங்கள். எரர் போய்விடும்.

ஆனால் இப்போது ஒரு நுணுக்கம் வந்துவிட்டது. இரண்டு செட்டைச் சேர்த்த விடை எந்த மெயிலுக்கும் சொந்தமில்லாத வெறும் செட். அதில் ஒரு டேக்கைச் சேர்த்தால் டேட்டாபேஸில் ஒன்றும் ஆகாது. அதே நேரம், ஒரு டேக் செட்டை வேரியபிளில் வாங்கிவைத்து, சேர்ப்புக் குறியோடு சமக்குறி போட்டு அந்த இடத்திலேயே சேர்த்தால், அது ஒவ்வொரு டேக்காக டேட்டாபேஸில் எழுதும். எழுத்து வித்தியாசம் ஒரு குறி, விளைவு வித்தியாசம் டிஸ்க் வரை.

இன்னும் கொடுமையான கேஸ் ஒன்று உண்டு. வேரியபிளில் வாங்காமல், மெயிலின் டேக்ஸ் ப்ராபர்ட்டி மேலேயே அந்த இடச் சேர்ப்பைச் செய்கிறீர்கள். அட்ரிப்யூட்டை மாற்ற முடியாது என்று எரர் வருகிறது. சரி, வேலை நடக்கவில்லை என்று நினைத்து வேறு வழியில் மறுபடி செய்வீர்கள். உண்மையில் டேக் ஏற்கெனவே ஏறிவிட்டது. பைதான் முதலில் ப்ராபர்ட்டியைப் படிக்கிறது, அடுத்து சேர்ப்பைச் செய்கிறது, கடைசியாக விடையை ப்ராபர்ட்டியில் திரும்ப வைக்கப் பார்க்கிறது. மூன்றாவது படிதான் தோற்கிறது. டேக் சேர்க்கும்போது இது வெறும் குழப்பம்தான். ஆனால் வெட்டுக் குறியோடு செய்திருந்தால் டேக்குகள் போயே போயிருக்கும். விருப்பமானால் ப்ராபர்ட்டிக்கு ஒரு செட்டர் எழுதி, வருவது அதே மெயிலின் டேக் செட்டாக இருந்தால் பேசாமல் ஏற்றுக்கொள்ளச் செய்யலாம். எனக்கு அது பிடிக்கவில்லை. எங்கள் கோடில் எல்லாரும் வேரியபிளில் வாங்கித்தான் சேர்க்க வேண்டும் என்று வைத்துவிட்டோம்.

யூனியன், அப்டேட் போன்ற பெயருள்ள மெத்தட்கள் இல்லை என்று எரர் வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். இந்த வேலைகளுக்கு ஏபிசி கிளாஸ்கள் குறிகளை மட்டுமே தருகின்றன, அந்தப் பெயர்கள் பைதானின் சொந்த செட்டுக்கு மட்டும் உள்ளவை. கிளியர் மெத்தட் தானாகவே கிடைக்கும், ஆனால் ஒவ்வொரு டேக்காக எடுத்து எடுத்து நீக்கும். எல்லா டேக்கையும் ஒரேயடியாக நீக்கும் சி ஃபங்ஷன் இருக்கிறது, அதைக் கூப்பிடும்படி நீங்களே எழுதிவிடுங்கள்.

அறிகுறி: டேக் கண்ணெதிரே இருக்கிறது, ஆனால் இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்கிறது

முதல் சந்தேகம் பைட் மேல். சி-யிலிருந்து வருவது பைட்டுகள், நீங்கள் கேட்பது ஸ்ட்ரிங். பைதானில் இரண்டும் ஒருபோதும் சமமாகாது, எரரும் வராது. எல்லைக் கோட்டில் ஒரே இடத்தில் யூடிஎஃப்-8 ஆக மாற்றிவிடுங்கள். டேட்டாபேஸில் எப்போதோ தப்பான என்கோடிங்கில் ஏறிய டேக் ஒன்று இருந்தால் கண்டிப்பான டிகோடிங் நடுவில் விழுந்துவிடும். சரோகேட் எஸ்கேப் முறையில் டிகோட் செய்தால் அந்த மோசமான பைட்டுகள் தொலையாமல் திரும்பிப் போகும், அந்த டேக்கை நீக்கவாவது முடியும்.

அது சரியாக இருந்தும் பிரச்சினை என்றால், தமிழ் டேக் வைத்திருப்பவர்களுக்கே வரும் நோய் இது. காவேரிப்பட்டணத்திலிருந்து வரும் எங்கள் தம்பி ஒருநாள் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினான்.

"அண்ணா, கொள்முதல்னு தேடினா நாட்மச்ல வருது. நம்ம கோட் மட்டும் இல்லைங்குது."

"தேடுற வார்த்தையை அடிச்சியா, எங்கிருந்தாவது எடுத்தியா?"

"பழைய எக்செல் ஷீட்ல இருந்து காப்பி பண்ணேன் அண்ணா. டேக் போட்டதும் அதை வச்சுத்தான்."

விடை அந்த ஷீட்டில் இருந்தது: டேக்கும் தேடலும் அதிலிருந்து வந்தவை, கோடில் உள்ள சொல் அப்படியல்ல. கொ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ககரத்துக்குப் பின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகப் போடலாம். அல்லது ஒற்றைக் கொம்பைத் தனியாகவும் துணைக்காலைத் தனியாகவும் போடலாம். திரையில் இம்மி வித்தியாசம் தெரியாது. பழைய எழுத்துருக்களில் கொம்பும் காலும் தனித்தனி விசை என்பதால், அவற்றிலிருந்து மாற்றிய கோப்புகளில் இரண்டாவது வகை ஒட்டிக்கொண்டு வரும். கொள்முதல் நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. முதல் விதத்தில் 9 குறியீடு, யூடிஎஃப்-8 இல் 27 பைட். இரண்டாவது விதத்தில் 10 குறியீடு, 30 பைட். நாட்மச்சுக்கும் ஜேபியனுக்கும் இவை இரண்டும் சம்பந்தமே இல்லாத இரண்டு டேக். கோ, கௌ வரிசைக்கும் இதே கதைதான்.

கண்டுபிடிக்க: நாட்மச் கமாண்டில் எல்லா மெயிலுக்கும் டேக் பட்டியல் மட்டும் கேளுங்கள். ஒரே பெயர் இரண்டு வரியில் வந்தால் சிக்கியது. உறுதி செய்ய நாட்மச் டம்ப் எடுத்துப் பாருங்கள். அது தமிழ் எழுத்துகளை சதவீதக் குறியோடு பதினாறடிமான எண்களாக எழுதும், அங்கே இரண்டும் தனித்தனி உருவத்தில் நிற்கும். அந்த டம்ப் ஃபைலை அழிக்காதீர்கள். அடுத்த படியில் கை தவறினால் ரீஸ்டோர் செய்ய அதுதான் பேக்கப்.

தீர்வு, யூனிகோட் டேட்டா மாட்யூலின் நார்மலைஸ் ஃபங்ஷனை என்எஃப்சி வடிவத்தில் கூப்பிடுவது. கொம்பும் காலும் சேர்ந்து ஒற்றைக் குறியாகிவிடும். ஆனால் எங்கே கூப்பிடுகிறீர்கள் என்பது முக்கியம். சேர்க்கும்போதும், நீக்கும்போதும், இருக்கிறதா என்று கேட்கும்போதும் கூப்பிடுங்கள். படிக்கும்போது கூப்பிடாதீர்கள்! படிக்கும்போதே சரிசெய்து காட்டினால், உள்ளே பழைய வடிவம் இருப்பதே தெரியாமல் போகும். நீங்கள் புது வடிவத்தை நீக்கச் சொல்வீர்கள், லைப்ரரி தேடும், அப்படி ஒரு டேக் இல்லை, ஆனாலும் வெற்றி என்று திருப்பும். இல்லாததை நீக்கச் சொன்னால் நாட்மச் எரர் தராது. அது தோல்வியா இல்லையா என்பதைத் தத்துவவாதிகள் பார்த்துக்கொள்ளட்டும் என்று சோர்ஸ் கோடிலேயே கிண்டலாக ஒரு குறிப்பு இருக்கிறது. பைதான் செட்டின் ரிமூவ் இல்லாத பொருளுக்குக் கீ எரர் தர வேண்டும், எனவே ராப்பரில் முதலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சி-யைக் கூப்பிட வேண்டும். டிஸ்கார்டுக்கு அந்தக் கவலை இல்லை.

ஏற்கெனவே ஏறிய பழைய வடிவங்களுக்கு நார்மலைஸ் செய்யாத ஒரு பாதை வேண்டும். அதன் வழியாக ஒரு தடவை எல்லா மெயிலையும் ஓட்டி, பழையதை நீக்கி, புதியதைச் சேர்த்துவிடுங்கள். என்எஃப்சி-யாலும் தீராத ஒன்று உண்டு: பௌர்ணமி என்பதில் ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பும் ளகரமும் அடித்திருந்தால், அது யூனிகோட் கணக்கில் வேறு சொல். அதை ஆள்தான் உட்கார்ந்து திருத்த வேண்டும்.

அறிகுறி: டேக் சேர்த்த ப்ரோகிராமில் தெரிகிறது, வேறு டெர்மினலில் தேடினால் இல்லை

மூன்று இடம் பாருங்கள். முதலில் டேட்டாபேஸ் மூடப்பட்டதா? எழுதிய மாற்றங்கள் மூடும்போதுதான் உறுதியாக டிஸ்க்குக்குப் போகும். வித் பிளாக்கில் திறந்தால் இந்தக் கவலை தீரும். அடுத்து, அடாமிக் பகுதி (எல்லா மாற்றமும் சேர்ந்தே ஏற வேண்டிய பகுதி) ஒன்றைத் தொடங்கி முடிக்காமல் விட்டீர்களா? அப்படி விட்டு மூடினால், கடைசி கமிட்டுக்குப் பிறகு செய்த மாற்றங்கள் கைவிடப்படும். லைப்ரரியின் ஆவணத்தில் சொல்லியே செய்யும் காரியம் அது, பிழையில்லை.

மூன்றாவது, ஃப்ரீஸ் செய்த மெயில், அதாவது மாற்றங்கள் டேட்டாபேஸுக்குப் போகாதபடி உறைய வைத்தது. எல்லா டேக்கையும் நீக்கிவிட்டு மூன்று புது டேக் போடும் வேலையை ஃப்ரீஸுக்கும் தாவுக்கும் (அந்த உறைவை இளக்கும் ஃபங்ஷன்) நடுவில் செய்வது நல்ல பழக்கம். நீக்கலுக்கும் சேர்ப்புக்கும் நடுவில் கரண்ட் போனாலும் மெயில் டேக்கே இல்லாமல் நிற்காது. சீசன் நேரத்தில் இங்கே மின்தடையும் இன்வெர்ட்டர் மாறும் அந்த ஒரு நொடியும் தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். ஆனால் ஃப்ரீஸ் எண்ணிக்கை வைத்து நடக்கிறது: இரண்டு தடவை உறைய வைத்தால் இரண்டு தடவை இளக்க வேண்டும். ஒன்று குறைந்தால் மாற்றம் மெமரியிலேயே நிற்கும், மெயில் ஆப்ஜெக்ட் அழியும்போது கூடவே போகும். ஒன்று கூடினால் சமநிலை இல்லை என்ற ஸ்டேட்டஸ் வரும்.

இதைக் கான்டெக்ஸ்ட் மேனேஜராக எழுதும்போது எல்லாரும் ஃபைனலியில் தாவ் போட்டுவிடுகிறார்கள். நடுவில் எக்ஸப்ஷன் வந்தால்? டேக்குகள் நீக்கப்பட்டு, புதியவை பாதி ஏறிய நிலை அப்படியே டேட்டாபேஸில் எழுதப்படும். ஃப்ரீஸ் போட்டதன் நோக்கமே போயிற்று. எக்ஸப்ஷன் வந்தால் இளக்காமல் அந்த மெயில் ஆப்ஜெக்டை அழித்துவிட்டு, அதன் மெசேஜ் ஐடியை வைத்து டேட்டாபேஸிலிருந்து புதிதாக எடுத்துக்கொள்ளுங்கள். பழைய டேக்குகள் அப்படியே இருக்கும்.

அறிகுறி: எரரே வரவில்லை, டேக்கும் ஏறவில்லை

சி ஃபங்ஷன்கள் எக்ஸப்ஷன் எறியாது, ஒரு ஸ்டேட்டஸ் எண்ணைத் திருப்பும். சிஎஃப்எஃப்ஐ அதை உங்கள் கையில் கொடுக்கும், பார்ப்பதும் பார்க்காததும் உங்கள் பாடு. ஸ்டேட்டஸைச் சோதித்து எக்ஸப்ஷனாக மாற்றும் சின்ன ஃபங்ஷன் ஒன்று எழுதி, சேர்ப்பு, நீக்கம், ஃப்ரீஸ், தாவ் எல்லாவற்றையும் அதன் வழியாக விடுங்கள். அதன் பிறகு இரண்டு காரணங்கள் வெளியே வரும்.

ஒன்று, படிக்க மட்டும் திறந்த டேட்டாபேஸ். இதற்கு எக்ஸப்ஷனை விட நல்ல வழி, படிக்க மட்டும் திறந்திருந்தால் சேர்க்கும் மெத்தடே இல்லாத கிளாஸைத் திருப்புவது. மாற்ற முடியாத செட், மாற்றக்கூடிய செட் என்று இரண்டு கிளாஸ் வைக்கச் சொல்வது இதற்குத்தான். இரண்டு, டேக் நீளம். வரம்பு 200 பைட். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் என்பதால் 66 குறியீட்டோடு கதை முடிந்தது. கையால் டேக் போட்டால் யாரும் இதைத் தொட மாட்டார்கள். மெயில் சப்ஜெக்டையே டேக்காக மாற்றும் ஸ்கிரிப்ட் முதல் நாளே தொடும்.

எழுதத் திறக்கும் இடத்திலேயே ப்ரோகிராம் அசையாமல் நின்றால், க்ரானில் (குறித்த நேரத்தில் தானாக) ஓடும் நாட்மச் நியூ, அதாவது புது மெயிலை ஏற்றும் கமாண்ட், பூட்டைப் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். எழுதுபவர் ஒரு நேரத்தில் ஒருவர்தான்.

அறிகுறி: நீண்ட லூப் நடுவில் டேட்டாபேஸ் மாறிவிட்டது என்று ஜேபியன் எக்ஸப்ஷன்

நீங்கள் படித்துக்கொண்டிருக்கும்போது வேறு ப்ரோகிராம் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை கமிட் செய்துவிட்டது. உங்கள் கையில் உள்ள பதிப்பு அடியிலிருந்து உருவப்பட்டுவிட்டது. மறுபடி திறந்து குவெரியை மறுபடி ஓட்ட வேண்டியதுதான். லூப்பின் தொடக்கத்திலேயே மெசேஜ் ஐடிகளை மட்டும் சாதாரண லிஸ்டில் எடுத்துக்கொண்டால், விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

அறிகுறி: டேக் செட்டை டிக்‌ஷனரிக்குக் கீயாக வைத்தால் ஹேஷ் எரர்

எரர் சரியாகத்தான் சொல்கிறது. மாறக்கூடிய பொருளுக்கு ஹேஷ் இருக்கக்கூடாது. ஃப்ரோசன் செட்டாக நகலெடுத்துக் கீயாக வையுங்கள். மாற்ற முடியாத கிளாஸுக்கு ஹேஷ் எழுதிவிட்டு, அதிலிருந்தே மாற்றக்கூடிய கிளாஸைப் பிறப்பித்திருந்தால், கீழ் கிளாஸில் ஹேஷை நன் (None) என்று மறக்காமல் வையுங்கள். இல்லையென்றால் எரர் வராது, டிக்‌ஷனரியில் போட்டது மட்டும் காணாமல் போகும்.

அறிகுறி: அன்ரீட் டேக்கை நீக்கியாயிற்று, மேனேஜர் போனில் இன்னும் படிக்காத மெயிலாகவே தெரிகிறது

டேக் ஜேபியனில் மாறியது, மெயில்டிர் ஃபைலின் பெயர் மாறவில்லை. படித்தாயிற்று என்பதைச் சர்வருக்கு எடுத்துச் செல்வது ஃபைல் பெயரின் கடைசியில் வரும் எஸ் என்ற எழுத்துதான். ஃபிளாக்டு, ரிப்ளைடு, டிராஃப்ட், பாஸ்டு டேக்குகளுக்கும் இப்படி ஒவ்வொரு எழுத்து உண்டு. அன்ரீட் மட்டும் தலைகீழ்: டேக் இல்லாவிட்டால்தான் எழுத்து சேரும்.

கான்ஃபிக் ஃபைலில் ஃபிளாக் ஒத்திசைவு ஆன் என்று இருக்கிறதே என்பார்கள். அது நாட்மச் கமாண்டுகளுக்கான அமைப்பு. லைப்ரரியை நேராகக் கூப்பிடும்போது டேக்குகளை மெயில்டிர் ஃபிளாகாக மாற்றும் ஃபங்ஷனை நீங்களேதான் கூப்பிட வேண்டும். ராப்பரில் டேக் செட் மேலேயே இதற்கொரு மெத்தட் வைத்துவிட்டால் வசதி. தாவ் முடிந்த பிறகு கூப்பிடுங்கள், ஒவ்வொரு டேக்குக்கும் ஒரு தடவை கூப்பிட்டால் ஃபைல் பெயர் வீணாகத் திரும்பத் திரும்ப மாறும்.

பெயர் மாறும் என்பதால் இன்னொன்று: இந்த மெத்தடைக் கூப்பிடும் முன் ஃபைல் பாதையை வேரியபிளில் வாங்கி வைத்திருந்தால் அது இப்போது செல்லாது. நியூ ஃபோல்டரில் இருந்த ஃபைல் கர் ஃபோல்டருக்கே போயிருக்கலாம். இணைப்பைப் பிரித்தெடுக்கும் கோட் ஃபைல் இல்லை என்று விழுந்தால், பாதையை மெயிலிடம் மறுபடி கேட்டு வாங்குங்கள். மெயிலைச் சர்வரோடு ஒத்திசைக்கும் எம்பிசிங்க் அடுத்த முறை ஓடியதும் போனிலும் மாறிவிடும்.